பெருமாள் கண்டருளாத கறி

எங்கள் அடுக்குக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற மாதம் மூன்றாம் தளத்துப் பெண்மணி ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். உருளைக்கிழங்கு ரோஸ்ட் நிறைவாக அமைய என்ன செய்ய வேண்டும்? மத்தியானத்துக்குள் விடைகள் குவிந்துவிட்டன. ஒருவர் அரிசி மாவு தூவச் சொன்னார். இன்னொருவர் ரவை என்றார். எண்ணெயே வேண்டாம், காற்றில் பொரிக்கும் இயந்திரம் இருக்கிறது என்று மேல்தளத்து இளைஞர் படத்தோடு அனுப்பினார். தாம்பரத்தில் எந்த ஓட்டலில் நன்றாயிருக்கும் என்று ஒரு கிளைச் சண்டையும் மூண்டது.

நான் எல்லாவற்றையும் வாசித்தேன். விடை எனக்குத் தெரியும். ஆனால் எழுதத் தகுதி உண்டா என்பதில் ஐயம் இருந்தது. என் வாழ்நாளில் அந்தக் கறியை ஒரே ஒரு முறைதான் உண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். நாங்கள் வைணவர்கள். சிறு வயதிலேயே ஆசாரியரிடம் தீட்சை பெற்றேன்; அந்நாள்முதல் பெருமாளுக்குப் படைக்காத எதையும் நான் உண்பதில்லை. சோறோ கறியோ சாற்றமுதோ — ரசத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம் — எல்லாம் முதலில் பூஜை அலமாரியின் முன் வைக்கப்படும். ‘பெருமாள் கண்டருளினார்’ என்று ஆனபிறகுதான் எங்கள் இலைக்கு வரும். உருளைக்கிழங்கு அந்த வாசலைத் தாண்டாது. அது சீமையிலிருந்து வந்த காய். தக்காளி, முட்டைக்கோஸ், காரட் எல்லாமே அப்படித்தான். மற்றவற்றை எங்கள் மகன் கேட்டதில்லை. உருளைக்கிழங்கை மட்டும் அவன் விடவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சமையலறையில் இரண்டு அடுப்புகளுக்கு இரண்டு சட்டம் நடந்தது. பெருமாளுக்கான சமையலாகிய தளிகை முடிந்து, நான் பாசுரங்கள் சேவித்து அலமாரிக் கதவைச் சாத்திய பிறகு, என் மனைவி பரணிலிருந்து தனி இரும்பு வாணலியை இறக்குவாள். அது வேறு எந்தக் கறிக்கும் பயன்படாது. முந்தின நாள் மாலை சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து மின்சார ரயிலில் திரும்பும்போது, தாம்பரம் சந்தையில் இறங்கி மகனே பொறுக்கி எடுத்து வந்த கிழங்குகள். எல்லாம் எலுமிச்சை அளவு. ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று இருக்காது.

அவள் செய்முறையை நான் கூடத்தில் அமர்ந்து காதாலும் மூக்காலும் கற்றேன். தோலோடு முக்கால் வேக்காடு. பிறகு முழுவதும் ஆறவிட வேண்டும். சூட்டோடு தோல் உரித்தால் குழையும். கத்தி படக்கூடாது. கையால்தான் பிட்டுப்போட வேண்டும். அப்போதுதான் ஓரங்கள் கரடுமுரடாக நின்று எண்ணெயைப் பிடிக்கும். மஞ்சள்பொடி, மிளகாய்ப்பொடி, பெருங்காயம், உப்பு. வாணலியில் நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு. கிழங்கைப் போட்டதும் ஒரு சீறல். அதன்பின் அடங்கி, மெல்லிய பொரிதல் நெடுநேரம் கேட்கும். அந்த நேரத்தில் கரண்டியைத் தொடக்கூடாது என்பாள். அடியில் செம்பழுப்பாக ஒட்டிக்கொள்ளும் காந்தல்தான் ரோஸ்ட். மேலே இருப்பது வெறும் கறி.

கறியை இலையில் எடுத்துவைத்தபின், அந்த வாணலியிலேயே சூடான சாதத்தைப் போட்டு, ஒட்டிய காந்தலையும் எண்ணெயையும் சேர்த்துத் துடைத்துப் பிசைந்து ஒரு உருண்டை உருட்டித் தருவாள். முப்பது வயதைத் தாண்டியவன், பெண் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, அதற்கு உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பான்.

தாய்க்கும் மகனுக்கும் அந்த நேரத்தில் ஒரு வாய்ப்பாடு உண்டு. முதல் துண்டை மென்றதும் அவன் சொல்வான்:

“உப்பு ஒரு கல்லு கம்மிம்மா.”

“கம்மிங்கறவன் இலையைப் பாரு, ஒரு துணுக்கு மீதி இருக்கா?”

“மீதி வச்சா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு சாப்பிட்டேன்.”

“கஷ்டப்பட்டுண்டு அரைக் கிலோ சாப்பிட்டிருக்கான், பாவம்!”

ஒரு ஞாயிறுகூட இது தவறியதில்லை. என்னையும் விடமாட்டான். “அப்பா, ஒரே ஒரு துண்டு வாயில போட்டுப் பாருங்கோ. மோட்சம் இங்கேயே கிடைச்சுடும்.”

“எனக்கு அது அங்கேயே கிடைக்கட்டும்டா” என்பேன். அவன் சிரிப்பான். பதிலுக்குச் சிரித்துவிட்டு நான் பாசுர ஏட்டைத் திருப்புவேன்.

சென்ற ஆண்டுக்கு முந்தின மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்று தொடங்கியது. பிறகு ரத்தத்தில் ஏதோ அணுக்கள் குறைகின்றன என்றார்கள். மருத்துவமனையில் சேர்த்தோம். நடுவில் ஒரு நாள் காய்ச்சல் இறங்கி, முகம் தெளிந்து, கட்டிலில் சாய்ந்து அமர்ந்திருந்தான். என் மனைவி கஞ்சி எடுத்துப் போயிருந்தாள்.

“அம்மா, வாய் கட்டையா இருக்கு. ரோஸ்ட் பண்ணிண்டு வாயேன்.”

“டாக்டர் கஞ்சிதான்னார்டா.”

“நாலே துண்டு. டாக்டருக்கும் ரெண்டு குடுத்துடலாம்.”

“ஆத்துக்கு வா. ஒரு கிலோ பண்ணித் தரேன். நீ போறும்னு சொல்ற வரைக்கும்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மறுநாள் காலை அவன் நினைவு தவறியது. அவன் வீட்டுக்கு வரவில்லை.

அதன்பிறகு அந்த வாணலி பரணிலிருந்து இறங்கவில்லை. காய்வண்டிக்காரர் வாசலில் நின்று காய்களின் பெயர்களை வரிசையாகக் கூவும்போது, உருளைக்கிழங்கு என்ற சொல் வருமுன் என் மனைவி சன்னலைச் சாத்திவிடுவாள். நான் நாள்தோறும் சேவிக்கும் பாசுரங்களில் தாய் தன் பிள்ளையை உண்ண அழைக்கும் பகுதிகள் உண்டு. இறைவனைக் குழந்தையாக்கி, வா, உண், விளையாட்டுப் போதும் என்று கெஞ்சுகிற பாட்டுகள். இளமையில் அவற்றை உருகிச் சேவித்தவன். இப்போது அந்த இடம் வந்தால் குரலைத் தாழ்த்தி, உதடு மட்டும் அசைய, கடந்துவிடுகிறேன். அடுப்படியில் அவள் இருக்கிறாள்.

ஆண்டு நிறைந்து திவசம் வந்தது. மணமாகாமல் போனவன், உடன்பிறப்பும் இல்லை. செய்ய வேண்டியவன் செய்யப்பட வேண்டியவனாகிவிட்டான் என்பதால் நானே கர்த்தாவாக நின்று சடங்கைச் செய்ய வேண்டியிருந்தது. சில நாள் முன்னதாகவே எங்கள் வாத்தியார் வந்து முறைகளைச் சொன்னார். அவனுக்கென்று மட்டும் செய்வதால் ஒரே ஒருவரை வரித்து, அவரை நம் பிள்ளையாகவே பாவித்து அமுது செய்விக்க வேண்டும். பிறகு சமையலுக்கு வந்தார். மிளகாய் கூடாது, மிளகு. பெருங்காயம் கூடாது. வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பாகற்காய், எள்ளுருண்டை, அதிரசம்.

என் மனைவி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உருளைக்கிழங்கு?” என்றாள்.

“கூடாது மாமி. அது சீமைக் காயாச்சே.”

“ஊட்டிலேர்ந்துன்னா வரது?”

வாத்தியார் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். “எங்கே விளைஞ்சாலும் திவசத்துக்கு ஆகாது மாமி. ரோஸ்ட்டுன்னா சேப்பங்கிழங்கு பண்ணுங்கோ. எல்லாராத்துலயும் அதான்.”

“சேப்பங்கிழங்கு வழவழன்னு இருக்குன்னு அவன் தொடவே மாட்டான். எள்ளுருண்டையை ஒரு நாள் வாயில வச்சதில்லை. அன்னிக்கு அவன்தான் வந்து சாப்பிடறான்னு நீங்கதானே சொல்றேள்?”

“பித்ருவாயிட்டா ருசி மாறிடும் மாமி. எள்ளுதான் பிடிக்கும்.”

“ஒரு வருஷத்துலயா?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவள் எதைக் கேட்கிறாள் என்று அவரைவிட எனக்குத் தெரியும். மருத்துவமனைக் கட்டிலருகே ‘சத்தியமா’ என்று சொன்னவள், அவன் வருகிற ஒரே நாளில் அவன் இலையில் அதை வைக்க வழி தேடுகிறாள். நானோ வாழ்நாள் முழுவதும் முறை என்ற ஒன்றைப் பற்றிக்கொண்டு நடந்தவன்.

“முறைப்படியே நடக்கட்டும்” என்றேன்.

அவள் உள்ளே போனாள்.

திவசத்தன்று அவளே குளித்து மடியாக நின்று எல்லாம் சமைத்தாள். வரித்தவர் பெருங்களத்தூரிலிருந்து வந்தார், அமைதியான நடுவயதினர். கால் கழுவி, ஆசனம் கொடுத்து, இலை போட்டோம். சேப்பங்கிழங்கு மிளகுப்பொடியில் கருமையாக வறுபட்டு இலையின் மூலையில் இருந்தது. அவர் பொறுமையாக, ஒன்றையும் ஒதுக்காமல் உண்டார். அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாகற்காயை அந்தக் கை தொட்டபோது, என் பிள்ளை அதைச் சுருட்டி இலைக்கடியில் ஒளிக்கும் வித்தை நினைவுக்கு வந்தது.

உண்டு முடியும்போது கர்த்தா ஒரு கேள்வி கேட்க வேண்டும். பெற்றோர் திவசத்தில் ‘திருப்திதானா’ என்று கேட்போம். ஒருவருக்கென்று மட்டும் செய்யும் இந்தச் சடங்கில் கேள்வி வேறு என்று வாத்தியார் சொல்லியிருந்தார். ‘ருசியாயிருந்ததா?’ என்று வடமொழியில் கேட்க வேண்டும். ‘மிகவும் ருசியாயிருந்தது’ என்று அவர் சொல்ல வேண்டும். அந்தச் சொல் வந்தால்தான் உண்டவனுக்கு நிறைவு.

கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை; வாத்தியார் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். மீண்டும் கேட்டேன். வந்தவர் கனிவோடு தலையசைத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

எல்லாரும் போனபின் சமையலறைக்குள் நுழைந்தேன். அவள் பாத்திரங்களுக்கு நடுவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“அவர் பொய் சொல்றார்” என்றாள்.

“யாரு?”

“ருசியாயிருந்ததுன்னாரே, அவர்தான். எப்படி ருசியாயிருந்திருக்கும்? ரோஸ்ட்டே இல்லையே.”

“மந்திரம்மா அது. அப்படித்தான் சொல்லணும்.”

“அப்போ கேட்கறது என்னத்துக்கு?”

குனிந்து அவளருகே கிடந்த பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினேன். மேலே விமானப்படைத் தளத்து விமானம் ஒன்று தாழப் பறந்து போயிற்று.

மறுநாள் காலை எள்ளும் நீரும் விடும் தர்ப்பணம் ஒன்று பாக்கியிருக்கும். அது முடிந்தால் திவசத்தின் கட்டுகள் எல்லாம் விலகிவிடும். அதை முடித்து நான் கை கழுவி எழுந்ததும் அவள் துணிப்பையை நீட்டினாள்.

“ஏன்னா, அரைக் கிலோ உருளைக்கிழங்கு வாங்கிண்டு வாங்கோ.”

சந்தையில் எந்தக் கடை என்று அவன் சொல்லியிருந்தான்: ரயில் நிலையப் படிக்கட்டு இறங்கும் பக்கம், ஒரு பாய் கடை. கிழங்கும் வெங்காயமும் மட்டுமே அங்கே விற்கும். குவியலின் முன் நின்று ஒன்றை எடுத்தேன், வைத்தேன். கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சாமி, கெயங்கு வாங்கிப் பயக்கம் இல்லியா? குண்டுமணி மாரி உருட்டிப் பாத்துகினு கீறியே.”

“ஒரே அளவா வேணும் பாய். எலுமிச்சம்பழ அளவு.”

அவர் நிமிர்ந்தார். “அப்டி ஒருத்தர் வருவாரு. கம்பெனி பேக் மாட்டிகினு, சனிக்கெயமை சாயந்தரம். கோணியையே கவுத்துப் போட்டுப் பொறுக்குவாரு. ‘இன்னா தம்பி, பொண்ணு பாக்கறியா கெயங்கு பாக்கறியா’ன்னு கேப்பேன். செம பேஜாரு பண்ணுவாரு. ரொம்ப நாளா ஆளைக் காணோம். உங்க ஜாடை கீது சாமி. புள்ளையா?”

“ஆமாம்.”

“வெளியூர் பூட்டாரா?”

சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னேன். சந்தை இரைச்சலில் அது அவருக்கு முதலில் எட்டவில்லை போலும். காதை அருகே கொண்டுவந்தார். பிறகு அரபியில் ஏதோ வாய்க்குள் முணுமுணுத்தார். தன் இருக்கையைவிட்டு இறங்கி, பின்னாலிருந்த கோணியை இழுத்துக் கவிழ்த்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஒன்றின்மேல் முளை இருந்தது. அதைத் தூர எறிந்தார்.

“அம்மா எப்டி கீறாங்க?” என்றார், பையை நீட்டும்போது.

“இன்னைக்குத்தான் சமைக்கப் போறா.”

அவர் தலையை ஆட்டினார்.

அன்றும் பெருமாளுக்கான தளிகை முதலில் நடந்தது. சேவித்தேன், கதவைச் சாத்தினேன். பரணிலிருந்து வாணலி இறங்கும் ஓசை கேட்டது. துரு பிடித்திருந்ததுபோலும், நெடுநேரம் தேய்த்தாள். பிறகு கடுகு, அந்தச் சீறல், அந்த மெல்லிய பொரிதல். கூடத்தில் ஏடு என் மடியில் திறந்தே கிடந்தது. நான் ஒரு வரியும் வாசிக்கவில்லை. யாருக்காகச் செய்கிறாள்? காக்கைக்கு வைப்பாளோ, பாய் கடைக்குக் கொடுத்தனுப்பச் சொல்வாளோ என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் அவன் உட்காரும் இடத்தில் இலையைப் போட்டாள். சாதம், சாற்றமுது, அதன் பக்கத்தில் ரோஸ்ட். செம்பில் நீர் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“உட்காருங்கோ.”

“நானா?”

“வேற யாரு இருக்கா?” என்றாள். “நேத்திக்கு வந்தவர் சொல்லணும்னு சொன்னார். நீங்க பொய் சொல்ல மாட்டேள். உங்களைக் கேட்டா எனக்குத் தெரிஞ்சுடும்.”

எழுந்தேன். நடுவில் பூஜை அலமாரி, கதவு சாத்தியிருந்தது. அந்த அலமாரிக்கும் அடுப்புக்கும் இடையே நான்கடிகூட இராது. இத்தனை ஞாயிறுகளும் அந்தக் கதவைச் சாத்திவிட்டு, பெருமாள் இதைக் கண்டருளவில்லை என்று எண்ணியிருந்தேன். கதவின் இடுக்கு வழியே மணம் போகாமலா இருந்திருக்கும்? பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நிற்பதும், தாய் உருட்டிக் கொடுப்பதும் உள்ளே தெரியாமலா இருந்திருக்கும்? அடியவனுக்குத் தெரியவில்லை. வணங்கிவிட்டு இலையின் முன் உட்கார்ந்தேன்.

நீரைக் கையில் எடுத்து இலையைச் சுற்றினேன். அவள் எதிரில், சமையலறை நிலைப்படியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

முதல் துண்டு. ஓரம் நொறுங்கியது, உள்ளே மாவாக இருந்தது, மிளகாயின் காரம் தாமதமாக வந்தது. எழுபது ஆண்டு நாக்கு அதற்கு ஈடாக ஒன்றையும் நினைவில் வைத்திருக்கவில்லை. சாற்றமுது சாதத்தோடு இன்னொன்று. காந்தல் பட்ட துண்டு ஒன்று. அவன் சனிக்கிழமை மாலைகளில் கோணியைக் கவிழ்த்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“ருசியாயிருக்கா?” என்றாள்.

பொய் சொல்லக்கூடாது. மெல்ல, கவனமாக, இன்னொரு துண்டை மென்றேன். ஒன்று குறைந்தது. மிகச் சிறிய குறை.

“உப்பு ஒரு கல்லு கம்மியா இருக்கு.”

அவள் முகம் கடுத்தது. அவனைப்போல் பேசிக்காட்டுகிறேன், ஆறுதல் என்று எண்ணி ஒரு நாடகம் போடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

“விளையாட்டுக்குச் சொல்லலை. நிஜமாவே கம்மி. நீயே பாரு.”

அவள் வந்து உட்கார்ந்தாள். என் இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, சாதம் சேர்க்காமல், சாற்றமுது சேர்க்காமல், தனியாக வாயில் போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில் சமைக்கும்போது ருசி பார்க்கும் வழக்கமில்லை. பெருமாளுக்கு வைப்பதை முன்னால் நாக்கில் வைக்கக்கூடாது. அந்தக் கைப்பழக்கம் இந்த வாணலிக்கும் வந்திருந்தது. அவன் உண்டபின் மிஞ்சியதைக் கடைசியில் சாற்றமுது சாதத்தில் பிசைந்துதான் அவள் உண்பாள். ரோஸ்ட்டைத் தனியாக அவள் தின்று நான் பார்த்ததில்லை.

மென்றாள். மெல்வது நின்றது.

“ஆமா” என்றாள்.

“அப்போ ஒவ்வொரு வாரமும் நிஜத்தைத்தான் சொல்லிண்டிருந்தானா?” என்றாள். “நான் சிரிச்சுண்டே இருந்தேனே.”

ஆஸ்பத்திரியில் அழாதவள், பன்னிரண்டாம் நாளும் பதின்மூன்றாம் நாளும் வந்தவர்களுக்குப் பரிமாறிக்கொண்டே இருந்தவள், என் இலையின் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். நான் தடுக்கவில்லை. எச்சில் கையோடு இருந்தேன். தொட்டுத் தேற்றவும் முடியவில்லை.

பிறகு எழுந்துபோனாள். வாணலியில் சாதம் விழும் ஓசை கேட்டது. உப்பு ஜாடியின் மூடி திறந்தது. கரண்டி இரும்பைச் சுரண்டியது. வாணலியோடு திரும்பி வந்து, காந்தலும் எண்ணெயும் சேர்ந்த சாதத்தை உருட்டி, நின்றபடியே நீட்டினாள். நான் உள்ளங்கையை நீட்டினேன்.

“இப்போ?” என்றாள்.

உண்டேன். அவள் காத்திருந்தாள். முந்தின நாள் வந்தவர் வடமொழியில் சொன்ன அதே விடையை நான் தமிழில் சொன்னேன். அதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மீதிச் சாதத்தைப் பார்த்தாள்.

“போறும்னு சொல்ற வரைக்கும் போடறேன்னு சொல்லியிருக்கேன்” என்று, இன்னொரு உருண்டை உருட்டினாள்.